மலையை மறந்த கடற்கரை

பிரான்சு நாட்டின் தென்கிழக்கு மூலையில், இத்தாலியின் எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் வந்து இறங்குகின்றது. நீஸ் நகரின் கடற்கரையில் நிற்பவருக்கு முன்னே கடல். பின்னே, ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள். சங்கப் புலவர் வகுத்த திணைக் கண்கொண்டு நோக்கின், நெய்தலும் குறிஞ்சியும் நேருக்கு நேர் சந்திக்கும் நிலம் இது. மருதத்துக்குக் கிடைத்தவை ஆற்றோரத்துச் சிறு துண்டு நிலங்களே. 'ரிவியரா' என்றும் 'கோத் தசூர்' என்றும் உலகம் அறிந்த இக்கரையின் புகழ் சொகுசு விடுதிகளையும், சூதாட்ட மாளிகையையும், திரைப்பட விழாவையும் சார்ந்தது. இந்தப் புகழின் வயது ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளே. அதற்கு முந்திய நெடுங்காலம் இவ்வட்டாரத்து மக்களில் மிகப் பலர் கடலோரத்தை விட்டு விலகி, மேட்டிலும் மலையிலும் வாழ்ந்தனர். மலைநாடாக இருந்தது கடற்கரை நாடாக மாறிய கதையே இவ்வட்டாரத்தின் வரலாறு எனலாம். அம்மாற்றத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, எது கைவிட்டுப் போயிற்று என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சப்பட்ட கடல்

மசாலியாவில், அதாவது இன்றைய மார்செய் நகரில், குடியேறிய கிரேக்க வணிகர்கள் இக்கரையில் நிக்காயா, அந்திப்போலிஸ் என்னும் துறைகளை அமைத்தனர். அவையே இன்றைய நீஸும் ஆந்திபும் ஆகும். துறைகள் கிரேக்கரிடம் இருந்தன. மலை, லிகூரியர் முதலிய பழங்குடிகளிடம் இருந்தது. உரோமப் பேரரசன் அகஸ்தஸ் மலைக்குடிகளை அடக்கிய வெற்றியைக் கொண்டாட, கி.மு. 6ஆம் ஆண்டளவில் லா துர்பி என்னும் மேட்டில் பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. தோற்ற குடிகள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் பெயர்கள் அதன் கல்வெட்டில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. பிற்காலத்தில் கல்வெட்டு உடைந்து சிதறினும், மூத்த பிளினி அதன் வாசகத்தைத் தம் நூலில் எழுதி வைத்தமையால் அப்பெயர்கள் நிலைத்தன. வென்றவன் தன் பெருமைக்காக எழுதிய பட்டியலே, தோற்றவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

ஏஸ், சாவோர்ஜ், சென் போல் முதலிய குன்றுச்சி ஊர்களைக் காணும் பயணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுண்டு: கடல்வழி வந்த சராசனியருக்கு அஞ்சி மக்கள் குன்றேறினர் என்பதே அது. இதில் பாதி உண்மை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு மேற்கே பிராக்சினேத்தும் என்னுமிடத்தில் தளம் அமைத்த சராசனியர், ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சுற்றுவட்டாரத்தைச் சூறையாடினர். 972ஆம் ஆண்டில் குளுனி மடத்துத் தலைவரையே சிறைபிடித்தனர். அச்செயல் புரோவான்ஸ் நாட்டுப் பிரபுக்களை ஒன்றுதிரட்ட, விரைவிலேயே அவர்கள் விரட்டப்பட்டனர். ஆனால் குன்றுச்சி ஊர்களில் மிகப் பல பதினொன்று முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையில், சராசனியர் அகன்ற பின்னரே உருப்பெற்றவை. சிதறி வாழ்ந்த உழவரைத் தம் கோட்டையைச் சுற்றிக் குடியமர்த்தினால் வரி தண்டுவதும் காவல் செய்வதும் எளிது என்பதைப் பிரபுக்கள் கண்டுகொண்டனர். கடல்மீது அச்சம், மலைமீது அதிகாரம் ஆகிய இரண்டும் சேர்ந்தே இவ்வூர்களைக் குன்றின் உச்சியில் வைத்தன.

அச்சம் பின்னும் தொடர்ந்தது. 1543ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவும் உதுமானியக் கடற்படைத் தலைவன் பார்பரோசாவும் கூட்டுச் சேர்ந்து நீஸ் நகரை முற்றுகையிட்டனர். கீழ்நகர் வீழ்ந்தது, குன்றின் மீதிருந்த கோட்டை வீழவில்லை. எதிரியின் கொடியைப் பறித்ததாகப் பாடப்படும் காத்தரின் செகுரான் என்னும் சலவைப் பெண்ணின் கதை இந்த முற்றுகையிலிருந்து பிறந்ததே. அவள் வாழ்ந்தவளா, மக்கள் படைத்தவளா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் நீஸ் மக்கள் தம் வீரத்தின் அடையாளமாக அரசனையோ பிரபுவையோ கொள்ளாமல், துணி துவைப்பவளைக் கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

உப்பு நடந்த வழி

1388ஆம் ஆண்டில் நீஸ் நகரம் புரோவான்ஸிலிருந்து பிரிந்து சவோய் பிரபுவின் ஆட்சியை ஏற்றுக்கொண்டது. மலைக்கு அப்பால் இருந்த சவோய் அரசுக்குக் கடலைக் காட்டிய ஒரே வாயில் நீஸ் ஆயிற்று. அவ்வாயில் வழியே சென்ற பண்டங்களுள் முதன்மையானது உப்பு. கடற்கரையில் இறக்கப்பட்ட உப்பு, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி, ரோயா ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுகிய இடுக்குகளைக் கடந்து, 1,870 மீட்டர் உயரத்திலுள்ள தாந்த் கணவாய் வழியே பீட்மாண்ட் சமவெளிக்குச் சென்றது. பாலாடைக்கட்டி செய்யவும் இறைச்சியைப் பதப்படுத்தவும் மலைநாட்டாருக்கு உப்பு வேண்டியிருந்தது. உப்பு ஏறிய அதே வழியில் அரிசியும் தானியமும் துணியும் இறங்கின.

இந்த வழிதான் மலையூர்களை வாழவைத்தது. இன்று ஒதுங்கிக் கிடக்கும் சாவோர்ஜ், தாந்த், லா பிரீக் ஆகிய ஊர்கள் அந்நாளில் பெருவழியின் மீது இருந்தன. லா பிரீக் ஊருக்கு அப்பால், ஊற்றுகள் பொங்கும் ஓரிடத்தில் தனித்து நிற்கும் ஊற்று மாதா கோயிலின் உட்சுவர்களில், ஜொவான்னி கனவேசியோ என்னும் ஓவியர் 1492ஆம் ஆண்டில் இயேசுவின் பாடுகளை வரைந்து முடித்தார். தூக்கிட்டுத் தொங்கும் யூதாசின் உருவம் இன்றும் காண்போரை நடுங்கச் செய்வது. இத்தகைய ஓவியத்திற்குப் பொருள் கொடுக்கும் வளம் அந்நாளில் மலையில் இருந்தது. சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் ஒலிவமும் திராட்சையும் விளைந்தன. ஆட்டு மந்தைகள் கோடையில் உச்சிப் புல்வெளிக்கு ஏறி, குளிர்காலத்தில் கரையோரம் இறங்கின. கரையும் மலையும் ஒரே பிழைப்பின் இரு முனைகளாக இருந்த காலம் அது.

நோயாளிகளின் குளிர்காலம்

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் படையெடுத்தவர்கள் அல்லர், இருமிக்கொண்டு வந்தவர்கள். ஸ்காட்லாந்து நாவலாசிரியரும் மருத்துவருமான டோபியாஸ் ஸ்மாலெட் 1763ஆம் ஆண்டு இறுதியில் உடல்நலம் நாடி நீஸ் வந்தார். கடலில் இறங்கிக் குளித்த அவரை உள்ளூர் மக்கள் வியப்புடன் நோக்கினர். 1766இல் வெளியான அவரது பயண நூல் ஊரையும் மக்களையும் கடிந்து பேசிய போதிலும், இவ்வூரின் மிதமான குளிர்காலத்தை ஆங்கிலேயர்க்கு அறிமுகப்படுத்தியது.

1820ஆம் ஆண்டையடுத்து வந்த கடுங்குளிர்காலத்தில் வேலையிழந்த ஏழைகள் நீஸில் திரண்டனர். லூயிஸ் வே என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டவரிடம் பணம் திரட்டி, அவ்வேழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதை போடச் செய்தார். 'ஆங்கிலேயர் பாதை' என்று ஊரார் அழைத்த அதுவே பின்னர் உலகப் புகழ் பெற்ற 'புரொமனாத் தேஸாங்லே' ஆயிற்று. இன்று செல்வர்கள் உலாவும் அவ்வழி, பஞ்ச நிவாரணப் பணியாகத் தொடங்கியது என்பதை அறிந்தவர் சிலரே.

கான் நகரின் பெருமையும் ஒரு தற்செயலால் விளைந்தது. 1834ஆம் ஆண்டு இத்தாலி நோக்கிச் சென்ற புரூம் பிரபு, காலரா நோய்த் தடைக்காவல் காரணமாக அன்றைய எல்லையான வார் ஆற்றில் திருப்பி அனுப்பப்பட்டார். தங்க நேர்ந்த கான் என்னும் மீனவர் குப்பம் பிடித்துப் போகவே, அங்கேயே மாளிகை கட்டிக்கொண்டார். 1868இல் அங்கேயே உயிர்நீத்தார்.

1859ஆம் ஆண்டில் காசநோயுடன் மாந்தோன் என்னும் எல்லையோர ஊருக்கு வந்த ஆங்கில மருத்துவர் ஹென்றி பென்னெட், சாக வந்த இடத்தில் நலம் பெற்றார். அவர் எழுதிய நூலைப் படித்து, ஐரோப்பாவெங்கிலுமிருந்து நோயாளிகள் அவ்வூருக்கு வந்தனர். எல்லாரும் பிழைக்கவில்லை. மாந்தோன் ஊரின் மேட்டில், பழைய கோட்டை இருந்த இடத்தில் அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலப் பெயர்களும் உருசியப் பெயர்களும் நிறைந்துள்ளன. அவற்றுள் பல இளவயதினருடையவை. 1882ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து, அது தொற்றுநோய் என்று நிறுவிய பின், நோயாளியை வரவேற்ற விடுதிகள் தயங்கத் தொடங்கின. நோயாளிகளின் இடத்தை இன்பம் நாடுவோர் பிடித்துக்கொண்டனர்.

ஒரு வேட்டைக் காட்டின் எல்லை

இதற்கிடையில் அரசியல் எல்லை மாறியது. இத்தாலியை ஒன்றிணைக்கப் பிரான்சின் படைத்துணை வேண்டிய பீட்மாண்ட் அமைச்சர் கவூர், அதற்கு விலையாக சவோய் பகுதியையும் நீஸையும் மூன்றாம் நெப்போலியனுக்கு விட்டுக்கொடுத்தார். 1860 மார்ச் 24ஆம் நாள் துரின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரல் திங்களில் நடந்த பொதுவாக்கெடுப்பு அதற்குப் பெருவாரியாக ஒப்புதல் அளித்தது. இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி நீஸில் பிறந்தவர். தாம் யாருக்காகப் போரிட்டாரோ அவ்வரசே தம் பிறந்த ஊரை விலைபேசியதைத் துரின் நாடாளுமன்றத்தில் எதிர்த்து முழங்கினார்; பயனில்லை. அடுத்த ஆண்டு, 1848 முதலே மொனாக்கோ ஆட்சியை உதறியிருந்த மாந்தோன், ரோக்கபுருன் ஆகிய ஊர்கள் மீதான உரிமையை மொனாக்கோ இளவரசர் 40 இலட்சம் பிராங்குக்குப் பிரான்சிடம் விற்றுவிட்டார்.

மலையில் நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலுக்கு வேட்டையில் பெருவிருப்பம். அவருடைய வேட்டைக் காடுகள் மேல்மலையில் இருந்தன. அக்காரணம் கூறப்பட்டு, தாந்த், லா பிரீக் ஊர்களும் பல பள்ளத்தாக்குகளின் தலைப்பகுதிகளும் இத்தாலியின் பக்கமே நிறுத்தப்பட்டன. கணவாய்களைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் படைத்துறை நோக்கமும் அதன் பின்னே இருந்தது. இதனால் ரோயா ஆறு இத்தாலியில் பிறந்து, பிரான்சில் நடந்து, மீண்டும் இத்தாலியில் கடலை அடையும் நிலை ஏற்பட்டது. பல மலையூர்களின் வீடுகள் ஒரு நாட்டிலும், அவற்றின் மேய்ச்சல் நிலங்கள் மறு நாட்டிலும் அமைந்தன. மன்னரின் வேட்டைக்காக வரைந்த கோடு, மன்னர் மறைந்த பின்னும் எழுபதாண்டுகள் ஆட்டிடையரின் வழியை மறித்து நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947ஆம் ஆண்டின் அமைதி உடன்படிக்கையாலும் அவ்வாண்டு அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பாலும் அவ்வூர்கள் பிரான்சுடன் இணைந்தன.

பெயர் சூட்டியவர்

1864ஆம் ஆண்டில் இரயில் நீஸை எட்டியது. 1863இல் பிரான்சுவா பிளாங் என்பவர் மொனாக்கோவின் சூதாட்ட உரிமையைப் பெற்றார். 1868இல் இரயில் அங்கும் சென்றது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே தன் குடிகளிடம் நேரடி வரியே வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அந்தச் சிற்றரசு செழித்தது. 1887ஆம் ஆண்டில் ஸ்தெபான் லியேழார் என்னும் எழுத்தாளர் 'லா கோத் தசூர்' என்று தம் நூலுக்குத் தலைப்பிட்டார். 'நீலக் கடற்கரை' என்பது அதன் பொருள். பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த அவர், தம் ஊர் அமைந்த 'கோத் தோர்' மாவட்டத்தின் பெயரை அடியொற்றி இதனைப் படைத்தார். வெளியூரார் ஒருவர் வைத்த பெயரே நிலைத்தது. அப்பெயரில் கடலின் நிறம் இருக்கிறது, மலைக்கு இடமில்லை.

விக்டோரியா அரசியார் தங்குவதற்கென நீஸின் சிமியே குன்றில் 'ரெஜினா' என்னும் பெருவிடுதி 1897இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உருசிய எழுத்தாளர் செகாவ், நோயுற்ற நுரையீரலுடன் நீஸில் எளிய விடுதி ஒன்றில் வந்து தங்கினார். அவருக்கு முன்னரே ஜெர்மானிய மெய்யியலார் நீட்சே பல குளிர்காலங்களை இங்குக் கழித்தார். கடலோரத்திலிருந்து ஏஸ் ஊருக்கு ஏறும் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில், தம் 'சரதுஸ்திரா' நூலின் மூன்றாம் பகுதிக்குரிய சிந்தனைகள் தமக்கு வாய்த்ததாக அவரே எழுதியுள்ளார். விருந்தினர்களுள் மலையை நோக்கி நடந்த வெகுசிலருள் அவரும் ஒருவர்.

1861இல் சுமார் 48,000ஆக இருந்த நீஸின் மக்கள்தொகை 1911இல் 1,40,000ஐத் தாண்டியது. இவர்களுள் பெரும் பகுதியினர் விடுதிகளில் சமைக்கவும், துவைக்கவும், தோட்டம் பேணவும், கட்டடம் எழுப்பவும் வந்த உழைப்பாளிகள். இத்தாலியிலிருந்தும் பின்மலை ஊர்களிலிருந்தும் அவர்கள் இறங்கி வந்தனர். இளையோர் இறங்க இறங்க, மேலே கல்லடுக்கு வயல்கள் சரிந்தன. ஒலிவ ஆலைகள் ஓய்ந்தன. 1920களில் குளிர்கால ஊர் கோடை ஊராக மாறத் தொடங்கியது. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்க்கு இரு வாரச் சம்பள விடுமுறை சட்டமானதும், பிரபுக்களின் கடற்கரை பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. காலியான குன்றுச்சி வீடுகளை நாடி ஓவியர்கள் வந்தனர். கரைக்கு அண்மையிலுள்ள ஊர்கள் இங்ஙனம் கலைக்கூடங்களும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்து பிழைத்தன. மலைக்குள் தள்ளியிருந்த ஊர்களுக்கு அந்த வாய்ப்பும் எளிதில் கிட்டவில்லை.

பாறையில் எழுதிய உழவர்

மலையின் தொன்மையைத் தேடிச் சென்றவரும் விருந்தினராக வந்த ஒருவரே. கிளாரன்ஸ் பிக்னெல் என்னும் ஆங்கிலப் பாதிரியார், எல்லைக்கு அப்பாலுள்ள போர்திகேரா ஊருக்கு 1878இல் பணியாற்ற வந்தவர். செடிகொடிகளைத் தேடி மலையேறியவருக்கு, 2,872 மீட்டர் உயரமுள்ள பெகோ சிகரத்தின் அடியில், பனி உருகிய பாறைகளில் கீறல் உருவங்கள் தென்பட்டன. 1897 முதல் கோடைதோறும் அங்குத் தங்கி, தாளை விரித்துத் தேய்த்துப் படியெடுத்து, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களைப் பதிவு செய்தார். 1918இல் அம்மலையிலேயே காலமானார்.

'அற்புதப் பள்ளத்தாக்கு' எனப்படும் அவ்விடத்திலும் அருகிலும் ஏறத்தாழ 40,000 கீறல்கள் இருப்பதாக ஆன்றி த லும்லி 1967 முதல் நடத்திய ஆய்வுகள் காட்டின. செம்புக் காலத்தையும் வெண்கலக் காலத்தையும் சேர்ந்த அவை நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொன்மை உடையவை. கொம்புடைய காளைத் தலைகள், ஏரில் பூட்டிய எருதுகள், குத்துவாள்கள், கட்டம் கட்டமாக வகுத்த வயல்கள் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இடியும் மின்னலும் அடிக்கடி இறங்கும் அச்சிகரத்தை அவர்கள் வழிபட்டிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பயிர் விளையாத உயரத்தில் ஏரையும் வயலையும் வரைந்தவர்கள் அவர்கள். கரையில் நகர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலை வேண்டுதலின் இடமாக இருந்தது.

கணவாயைக் கடந்தவர்

அண்மைக் காலத்திலும் மலை அடைக்கலம் தேடியோரின் வழியாயிற்று. 1943ஆம் ஆண்டில் இப்பகுதி இத்தாலியப் படையின் பிடியில் இருந்தது. செர்மானியரின் கைக்குத் தப்பி வந்த ஆயிரம் அளவிலான யூதர்கள் சென் மார்த்தன் வெசுபி என்னும் மலையூரில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். செப்டம்பர் 8ஆம் நாள் இத்தாலி போரிலிருந்து விலகிய செய்தி வந்ததும், முதியவரும் கைக்குழந்தைகளுமாக அம்மக்கள், பின்வாங்கிய வீரர்களைத் தொடர்ந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரமுள்ள கணவாய்களைக் கால்நடையாகக் கடந்தனர். மறுபுறம் செர்மானியப் படை முந்தியிருந்தது. பிடிபட்டவர்களுள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். மற்றையோரில் பலரை மறுபுறத்து மலையூர் உழவர்கள் தம் வீடுகளில் மறைத்துக் காத்தனர். இன்று ஆண்டுதோறும் செப்டம்பரில் இரு நாட்டவரும் அக்கணவாய்களில் ஏறி அவர்களை நினைவுகூர்கின்றனர்.

மலை திரும்பி வந்த நாள்

2020 அக்டோபர் 2ஆம் நாள், 'அலெக்ஸ்' என்னும் புயலால் வெசுபி, ரோயா பள்ளத்தாக்குகளில் பெருமழை கொட்டியது. சில இடங்களில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. ஆறுகள் தம் பழைய அகலத்தை மீட்டெடுத்து, கரையிலிருந்த வீடுகளையும் பாலங்களையும் சாலைகளையும் அள்ளிச் சென்றன. இடுகாடுகளும் தப்பவில்லை; மலையில் புதைக்கப்பட்டவர்களின் உடல்கள் இத்தாலியக் கடற்கரையில் ஒதுங்கின. நீஸ் கடற்கரை வேரோடு வந்த மரங்களால் நிறைந்தது. அழகிய கூழாங்கற் கரை எந்த ஆறுகள் உருட்டிக் கொணர்ந்த கற்களால் ஆனதோ, அந்த ஆறுகளே அன்று மலையைக் கரைக்குக் கொண்டுவந்தன.

சாலைகள் அழிந்த பின் மேல் ரோயா மக்களுக்கு எஞ்சிய வழி பழைய இரயில் பாதை ஒன்றே. 1928இல் திறக்கப்பட்ட அப்பாதையின் பாலங்களைப் போரின் இறுதியில் செர்மானியர் தகர்த்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து 1979இல்தான் அது மீண்டும் ஓடியது. ஆதாயமற்றது என்று பலமுறை ஐயுறப்பட்ட அவ்விரயிலே உணவையும் மருந்தையும் மனிதரையும் பல வாரங்கள் சுமந்தது. உப்பு ஏறிய அதே பள்ளத்தாக்கில் அவ்வண்டி ஏறியது.

அடுத்த ஆண்டு, 2021 சூலையில், 'ரிவியராவின் குளிர்கால உறைவிட நகர்' என்ற தகுதியில் நீஸ் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. விருந்தினர் கட்டிய நகருக்கு அது தக்க சிறப்பே. ஆனால் அந்நகரின் குடிநீரும், மாளிகைகளைக் கட்டிய கைகளும், கரையின் கல்லும் மலை கொடுத்தவை. இருநூறு ஆண்டுகளாகக் கடலையே நோக்கி நின்ற ஒரு நகரத்தைப் பின்புறம் திரும்பிப் பார்க்கச் செய்தது ஓர் இரவு வெள்ளம். பாறையில் ஏரை வரைந்தவர்களுக்கும், கணவாயில் கழுதையை ஓட்டியவர்களுக்கும் கரையும் மலையும் ஒரே நாடு. அந்த அறிவை இக்கரை மீண்டும் பெறுமாயின், மலையூர்களின் விளக்குகள் அணையாமல் இருக்க வழி உண்டு.